பச்சைப் பட்டியலில் ஒரு பெயர்

1. ஆறே முக்கால்

புயலடித்த அன்று காலை ஆறே முக்காலுக்கு ஏஜென்சிக் கதவைத் திறந்தபோது என் சப்பாத்துக்குள் தண்ணீர் நின்றது. பாரிஸில் நான் இருந்த ஸ்டாலின்கிராட் மெத்ரோவடியிலிருந்து ஏஜென்சி இருந்த லா சப்பலுக்குப் பத்து நிமிட நடை. அன்றைக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. இரண்டு நாள் கொட்டிய பனி, அதன் மேல் இரவு முழுக்க உறைமழை, அதற்கும் மேல் காற்று. மெத்ரோப் பாலத்தருகே ஒரு மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அதைத் தாண்டுவதற்கு ஐம்பத்தாறு வயதுப் பெண் என்னென்ன பாடு படவேண்டுமோ அத்தனையும் பட்டேன். பார்ப்பதற்கு ஆளில்லாதது நல்லதாகப் போயிற்று.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பாராட்டி யாரும் எதுவும் சொல்லக்கூடிய கதை இல்லை இது. இடையில் இரக்கம் வந்தாலும் அடக்கிக்கொண்டு கடைசிவரை வாசியுங்கள்.

வீட்டில் இருந்தபடி ஒட்சிசன் எடுக்கும் நோயாளிகளுக்கு இயந்திரமும் சிலிண்டரும் கொடுக்கும் ஏஜென்சி எங்களுடையது. வைத்தியசாலை கடிதம் எழுதும், நாங்கள் வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்திப் பூட்டுவோம். இயந்திரம் அறைக்காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்தெடுத்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும். சுவரில் செருகினால் ஓடும், கரண்ட் போனால் நின்றுவிடும். அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிலிண்டர் வைப்போம். நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் எடுக்கிறவருக்கு அந்தச் சிலிண்டர் எட்டு மணித்தியாலம் வரும். எட்டு என்ற இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள்.

என்னுடையது தொசியே வேலை, அதாவது கோப்பு வேலை. பெயர், முகவரி, வைத்தியர், எத்தனை லீற்றர், எப்போது சிலிண்டர் மாற்றியது, எல்லாம் என் கையால்தான் கணினிக்குள் போகும். தமிழ் நோயாளிகள் என்றால் மேசை தானாக என் பக்கம் திரும்பிவிடும். "மதி அக்கா இருக்கிறாவோ?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

எங்கள் பொறுப்பாளர் மிசியே பெர்னார் எனக்கு முன்னமே வந்துவிட்டார். புதுச்சேரிக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. புயலிலும் கழுத்துப்பட்டி கட்டி வந்த மனிதர். இருபது வருடம் வீடு வீடாகப் போய் இயந்திரம் பூட்டிய பிறகு நாற்காலிக்கு வந்தவர். அதனால் அவரிடம் சாக்குப்போக்குச் சொல்லித் தப்ப முடியாது.

"வந்துட்டீங்களா, மாதாம் மதி? நல்லது. அஞ்சு மணிலேர்ந்து வடகிழக்குப் பக்கம் பூரா கரண்ட் இல்ல. எந்தெந்த ஊருன்னு லிஸ்ட் வந்துருக்கு. மெஷின்ல போட்டுப் பாருங்க, நம்ம ஆளுங்க யார் யாருன்னு தெரியும்."

போட்டேன். எங்கள் கணினி முகவரியை வைத்து நோயாளிகளை இரண்டு நிறமாகப் பிரிக்கும். கரண்ட் போன இடத்தில் இருப்பவர்கள் சிவப்பு, கரண்ட் இருக்கும் இடத்தில் இருப்பவர்கள் பச்சை. நாற்பத்தொரு பெயர் சிவப்பில் விழுந்தது. எல்லாம் பாரிஸுக்கு வெளியே, சென் துனி, ஓபேவில்லியே பக்கம். லா சப்பலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது இருக்கும் பதினெட்டாம் வட்டாரத்துப் பெயர்கள் எல்லாம் பச்சை.

"பச்சைய விடுங்க. அவங்களுக்கு அப்புறம் பேசிக்கலாம்," என்றார் பெர்னார். சரியாகத்தான் சொன்னார். பட்டியல் சரியாக இருந்திருந்தால் அது சரியான கட்டளை.

2. கடை முகவரி

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். லா சப்பலில் ஒரு பழக்கம் உண்டு, எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். பலருடைய கடிதம் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வராது, கடைக்கு வரும். ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருக்கும், தபால் பெட்டியில் ஒரு பெயர்தான் இருக்கும். மற்றவர்களுக்கு வருகிற கடிதத்தைத் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அறையும் வருடத்துக்கு ஒரு தடவை மாறும், கடை மாறாது. ஆகவே விசா, வரி, வைத்தியசாலை எல்லாவற்றுக்கும் தெரிந்த ஒருவரின் கடை முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். மரக்கறி வாங்க வரும்போது கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போவார்கள். கடைக்காரர் இதற்கு ஒன்றும் கேட்பதில்லை. இறப்பர் வளையம் போட்டுக் கட்டி, பணப்பெட்டிக்குப் பின்னால் வைத்திருப்பார்.

அப்படிக் கடை முகவரி கொடுத்தவர்களில் ஒருவர் தவராசா அண்ணை. இருபத்தேழு வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றவர். சுவாசப்பை பழுதாகி ஒட்சிசனுக்கு வந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. மனைவி இந்திராணி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாரிஸுக்கு வெளியே வடகிழக்கில் இருக்கும் செவ்ரானில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருவரும் இருந்தார்கள். கடிதம் மட்டும் லா சப்பலில் ரூ பஜோல் வீதிக்குப் பக்கத்தில் இருந்த குகனின் பலசரக்குக் கடைக்கு.

வைத்தியசாலைக் கடிதத்திலும் கடை முகவரிதான் இருந்தது. நான் கேட்டேன்.

"அண்ணை, இது கடை எல்லே? நீங்கள் இருக்கிற இடம் எது?"

"செவ்ரான், பிள்ளை. அதைப் போட்டால் என்ன நடக்கும்?"

"தொசியே அந்தப் பக்கத்து ஏஜென்சிக்குப் போகும். இனி அவையள்தான் உங்களைப் பாப்பினம்."

"அங்கை தமிழ் கதைக்கிற ஆள் இருக்கோ?"

"இல்லை."

அவர் மூச்சு வாங்க நேரமெடுத்தார். "எனக்குப் பிரெஞ்ச் குசினிப் பிரெஞ்ச். வெங்காயம் உரி, கோப்பை கழுவு, அவ்வளவுதான். மனிசிக்கு அதுவும் இல்லை. ராத்திரியிலை மெசின் கத்தினால் நான் ஆருக்கு என்னெண்டு சொல்லுறது? உங்களோடை வைச்சிருங்கோ, பிள்ளை."

வைத்திருந்தேன். எங்கள் சாரதி சிவநேசன் செவ்ரானில் குடியிருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தவராசா அண்ணையின் சிலிண்டரையும் இறக்கிவிட்டுப் போவார். அவருக்கு வீடு மனப்பாடம். கணினியில் லா சப்பல், சிவநேசன் தலைக்குள் செவ்ரான். இரண்டு வருடம் இப்படியே ஓடியது, ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. இப்படி இன்னும் சில பேரை நான் வைத்திருந்தேன். எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. எங்கள் சனத்துக்கு நான் ஏதோ செய்கிறேன் என்ற பெருமை. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை.

3. ரொட்டி வாங்கப் போனது

சிவப்புப் பட்டியலைப் பன்னிரண்டு மணிக்கு முடித்தோம். நாற்பத்தொரு பேரில் முப்பத்துநான்கு பேருடன் தொலைபேசியில் பேசிவிட்டோம். மற்றவர்களிடம் சாரதிகளை அனுப்பினோம், இரண்டு பேரை வைத்தியசாலையில் சேர்த்தோம். இன்றைய பிள்ளைகள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று: வீட்டுத் தொலைபேசி இப்போது இணையப் பெட்டியில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் அதுவும் போகும். கொஞ்ச நேரத்தில் கைத்தொலைபேசிக் கோபுரங்களும் செத்துவிடும். ஆகவே மறுமுனையில் மணி அடிக்கவில்லை என்றால் ஆளை அனுப்பவேண்டும், திரும்பத் திரும்ப எண்ணை அழுத்திக்கொண்டு இருக்கக்கூடாது.

"நல்லா செஞ்சீங்க," என்றார் பெர்னார். அவர் வாயால் அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். எனக்கும் பசி தெரிந்தது. எதையாவது வாங்கி வருகிறேன் என்று சொல்லி குகனின் கடைக்கு நடந்தேன்.

கடையில் குகன் மட்டும் இருந்தான். அவனுக்கு நாற்பது வயது இருக்கும். கடைக்கு முன்னால் பனியை வாரி ஒதுக்கிவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இந்தப் பனிக்குள்ளை எப்பிடி வந்தனீங்கள்? பாண் முடிஞ்சுது, ரொட்டி கிடக்கு. தாறன்."

"தா. உன்ரை லொறி ஓடுதோ?"

"எங்கை ஓடுறது? இண்டைக்குச் செவ்ரானுக்கு அரிசி குடுக்கவேணும். அங்கை விடியக்காலமை துடக்கம் கரண்ட் இல்லையாம். போன் அடிச்சாலும் ஒருதரும் எடுக்கினம் இல்லை." ரொட்டியைப் பையில் போட்டபடி பணப்பெட்டிக்குப் பின்னால் கையை நீட்டினான். "தவராசா அண்ணையும் நேற்றைக்கு வாறன் எண்டவர், வரேல்லை. கடிதம் இரண்டு கிடக்கு. ஒண்டு உங்கடை ஒப்பீசிலை இருந்துதான்."

அவன் கையில் எங்கள் ஏஜென்சியின் நீலக் கோடு போட்ட உறை இருந்தது. மேலே தவராசா அண்ணையின் பெயர், கீழே இந்தக் கடையின் முகவரி. நான் அடித்த முகவரி.

லா சப்பலில் கரண்ட் இருந்தது. அதனால் அவர் பச்சையில் இருந்தார். காலையிலிருந்து அவருக்கு யாரும் போன் எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டார்கள். ஐந்து மணிக்குக் கரண்ட் போனது. அவர் இரண்டு லீற்றர்க்காரர். ஐந்தும் எட்டும் பதின்மூன்று. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டே காலாகியிருந்தது.

குகன் உட்காரச் சொல்லி ஒரு வாங்கை இழுத்துப் போட்டான். நான் இருக்கவில்லை.

4. அட்ரஸ் தெரியாது, வீடு தெரியும்

தவராசா அண்ணையின் எண்ணுக்கு எடுத்தேன், மணியே அடிக்கவில்லை. சிவநேசனுக்கு எடுத்தேன். அவர் தங்கையின் மகளின் கலியாணத்துக்குக் கனடா போயிருந்தார், அங்கே காலை ஆறு மணி. ஐந்து தடவை அடித்தேன், எடுக்கவில்லை. அவசர உதவிக்கு எடுத்தேன். நீண்ட நேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண் பேசினாள்.

"எந்த வீதி, மாதாம்?"

"தெரியாது. செவ்ரான்."

"வீதி இல்லாமல் நான் யாரையும் அனுப்ப முடியாது, மாதாம். முகவரி கிடைத்ததும் எடுங்கள்."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். முகவரி எழுதுவதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான், என்னிடம் முகவரி இல்லை.

குகனிடம் கேட்டேன். "எனக்கு அட்ரஸ் தெரியாது அக்கா. வீடு தெரியும். மாசம் மாசம் அரிசி மூட்டை கொண்டுபோய் மேலை வைக்கிறனான். தண்டவாளத்துக்கு அங்காலை, பச்சைக் கேற்."

"வண்டியை எடு."

"பனிக்குள்ளை..."

"குகன், அந்த மனிசன் மூச்சு விடேலாமல் இருக்கிறார். வண்டியை எடு."

அவன் கடைக் கதவை இழுத்துப் பூட்டினான்.

ஏஜென்சிக்கு ஓடிவந்து பெர்னாரிடம் நின்றபடியே சொன்னேன். முழுவதையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்க நேரமில்லை. முகவரி பொய் என்றும், பொய் என்று தெரிந்தே நான் எழுதினேன் என்றும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வண்டிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. ஒட்சிசன் சிலிண்டரை எங்கள் வண்டி தவிர வேறு எதிலும் ஏற்றக்கூடாது. அந்த விதியை வருடா வருடம் எங்களுக்குப் படிப்பித்தவரே அவர்தான்.

அவர் களஞ்சியத்துக்குள் போய் இரண்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளியேற்றப் புத்தகத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொலைபேசியைப் பக்கத்து ஏஜென்சிக்குத் திருப்பிவிட்டார்.

"அரிசி மூட்டைக்கு நடுவுல நிமிர்த்தி வச்சுக் கட்டச் சொல்லுங்க. அந்தத் தம்பி சிகரெட் குடிப்பாரா? வண்டியில குடிக்கக் கூடாது. வாங்க."

முன்னிருக்கையில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தோம். போபினி வழியாகப் போனோம். சமிக்ஞை விளக்குகள் செத்துக் கிடந்தன. சந்திக்குச் சந்தி வாகனங்கள் மூஞ்சியை மூஞ்சியில் வைத்துக்கொண்டு நின்றன. குகன் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே ஓட்டினான். வேண்டுதலா, வசவா என்று நான் கேட்கவில்லை. ஒரு மணியாயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு நிமிடமும் பார்த்தேன்.

"எத்தன பேரு, மாதாம்?" என்றார் பெர்னார் திடீரென்று.

"என்ன எத்தனை?"

"இந்த மாதிரி கடை அட்ரஸ்ல நீங்க வச்சிருக்கிறவங்க."

விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது.

"மத்த எட்டுப் பேரும் இப்ப எங்க இருக்காங்க?"

எனக்கு அந்தக் கேள்வி அதுவரை வரவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். வண்டியில் இருந்தபடியே ஒவ்வொருவராக எடுத்தேன். எட்டுப் பேரும் பேசினார்கள். கரண்ட் இருக்கிறது என்றார்கள். ஒரு அம்மா, "என்ன மதி, இண்டைக்குச் சும்மா போன் எடுத்திருக்கிறாய், சுகமோ?" என்று சிரித்தார். சுகம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

5. மேல்மாடி அறை

பச்சைக் கேற்றுக்கு முன்னால் வண்டி நின்றபோது இரண்டரை. கேற்றைப் பனி அடைத்திருந்தது. குகன் காலால் உதைத்துத் திறந்தான். கீழ்வீடு இருட்டு. வீட்டுக்காரர்கள் முதல்நாள் வேலைக்குப் போய், ரயில் இல்லாமல் பாரிஸிலேயே நின்றுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. பெர்னார் ஒரு சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வயதில் இரண்டு மாடி ஏறினார்.

கதவைத் தட்டினேன். "மதி, ஏஜென்சியிலை இருந்து."

கதவு உடனே திறந்தது. இந்திராணி அக்கா அதற்குப் பின்னாலேயே நின்றிருக்கவேண்டும். கதவால் விழுந்த மங்கல் வெளிச்சத்தைத் தவிர அறை இருட்டு, யன்னலைப் பனி மூடியிருந்தது. வெளியில் இருந்த குளிரேதான் உள்ளேயும். தவராசா அண்ணை கட்டிலில் தலையணைகளை முண்டுகொடுத்து உட்கார்ந்திருந்தார். மேலே இரண்டு போர்வை, அதற்கு மேல் மனைவியின் குளிர்ச்சட்டை. இந்திராணி அக்கா வெறும் சுவெற்றரோடு நின்றார். குழாய் மூக்கில் இருந்தது, சிலிண்டர் திறந்திருந்தது. பெர்னார் கைவிளக்கை அடித்து, சிலிண்டரில் மீதி எவ்வளவு என்று காட்டும் ஊசியைப் பார்த்தார். சிவப்புக்குக் கிட்ட நின்றது, ஆனால் முடியவில்லை. கணக்குப்படி ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன்பே முடிந்திருக்கவேண்டிய சிலிண்டர்.

பெர்னார் திருகைப் பார்த்தார். இரண்டில் இருக்கவேண்டியது ஒன்றில் இருந்தது.

"யார் கொறச்சது?"

"அவர்தான் ஐயா," என்றார் இந்திராணி அக்கா. "காலமை எட்டு மணி போலை. மதி பிள்ளை கூப்பிடுமட்டும் இது காணவேணும், பாதியாக்கினால் இரட்டிப்பு நேரம் நிக்கும் எண்டவர்."

தவராசா அண்ணையின் உதடும் நகமும் கருநீலம். பெர்னார் அவர் விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஒட்சிசன் நூற்றுக்கு எழுபத்துநான்கு என்று காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போனாலே நாங்கள் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். பெர்னார் புதுச் சிலிண்டரைப் பூட்டி இரண்டுக்குத் திருப்பினார். "கூட்டட்டோ?" என்று கேட்டேன். "இவர் மாதிரி ஆளுக்குக் கூட்டினா அதுவும் ஆபத்து. ரெண்டுதான்," என்றார். கேற்றில் எழுதியிருந்த வீட்டு எண்ணையும் வீதிப் பெயரையும் எடுத்துக்கொண்டு குகன் தெருக்கோடிவரை ஓடினான். அங்கேதான் தொலைபேசி வேலை செய்தது. அம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் என்றார்கள்.

அந்த நாற்பது நிமிடத்தில்தான் எனக்கு எல்லாம் தெரிய வந்தது.

"ஏன் அக்கா இருட்டுக்குள்ளை இருக்கிறியள்? மெழுகுதிரி இல்லையோ?"

"கிடக்கு. நீங்கதானே சொன்னனீங்கள், ஒட்சிசன் உள்ள அறையிலை நெருப்புக் கொளுத்தக்கூடாது எண்டு. சாமிக்கும் கொளுத்தேல்லை. குசினியும் இதுக்குள்ளைதானே, அதாலை தண்ணியும் சுடவைக்கேல்லை."

"வெளியிலை போய் ஆரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"நானும் கேட்டனான். இவர் விடேல்லை. உங்கடை ஏஜென்சித் தாளைக் காட்டினவர். கரண்ட் போனால் அவையளே எடுப்பினம், ஆளும் வரும் எண்டு கிடக்காம். மதி பிள்ளையின்ரை லிஸ்ற்றிலை எங்கடை பேர் கிடக்கு, பயப்பிடாதை எண்டவர். ஒவ்வொரு மணித்தியாலமும் அதையேதான் சொன்னவர்."

அந்தத் தாளை நான்தான் எழுதினேன். தமிழில் மொழிபெயர்த்ததும் நான்தான். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் கேட்டு நடந்திருந்தார்கள். என் குளிர்ச்சட்டையைக் கழற்றி இந்திராணி அக்காவுக்குப் போட்டேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. தவராசா அண்ணை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "வந்திட்டியோ, பிள்ளை," என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

அம்புலன்ஸ் போன பிறகு சிவநேசன் கனடாவிலிருந்து எடுத்தார். "என்ன அக்கா, ஐஞ்சு தரம் அடிச்சிருக்கிறியள், ஏதும் அவசரமோ?"

6. பிறகு

அவர் அன்றைக்குச் சாகவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார், ஆனால் கட்டிலை விட்டு எழும்பி நடக்கவில்லை. மே மாதம் காலமானார். அந்த மணித்தியாலங்களால்தானா என்று வைத்தியரிடம் கேட்டேன். சுவாசப்பை ஏற்கெனவே முடிந்துகொண்டிருந்தது, சொல்ல முடியாது என்றார். "இல்லை" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நான் போனேன். அவர் அதைச் சொல்லவில்லை.

சம்பவ அறிக்கையை நானே எழுதினேன். முதலில் எழுதியதில் "முகவரி புதுப்பிக்கப்படவில்லை" என்று இருந்தது. பெர்னார் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"யாரு புதுப்பிக்கல? யாரு எழுதினது? ஆள் இல்லாத வாக்கியம் எனக்கு வேணாம், மாதாம். எனக்கும் சேர்த்து எழுதுங்க. ரெண்டு வருஷமா இந்த அட்ரஸ நான் செக் பண்ணல."

அப்படியே எழுதினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கும் மேலிடத்திலிருந்து ஒன்று வந்தது, அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. ஒன்பது பேரின் உண்மையான முகவரியையும் எழுதி, ஆறு கோப்புகளை வேறு ஏஜென்சிகளுக்கு மாற்றினேன். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. "எங்களைக் கைகழுவி விட்டிட்டாய்" என்றார் நான் வண்டியில் இருந்தபோது என்னிடம் சுகம் கேட்ட அந்த அம்மா. அவரோடு நான் வாதாடவில்லை.

தவராசா அண்ணையின் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்ரானுக்குப் போனேன். அதுவரை இந்திராணி அக்காவுக்கு உண்மை தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பனியால் தாமதமாகிவிட்டது, எப்படியோ வந்து காப்பாற்றினார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நன்றியை இனியும் வாங்கிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு லிஸ்ற்றிலை உங்கடை பேர் இல்லை. பச்சையிலை கிடந்தது. கடை அட்ரஸ் போட்டதாலை. போட்டது நான். பிழை என்ரை."

அவர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து வந்தார். எங்கள் ஏஜென்சி குளிர்காலத்துக்கு முன் எல்லோருக்கும் அனுப்பும் தாள். முகவரி மாறியிருந்தால் எழுதித் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்கும் தாள். தவராசா அண்ணை தன் கையெழுத்தில் செவ்ரான் முகவரியை எழுதியிருந்தார். வீதி, எண், மேல்மாடி, இடப்பக்கக் கதவு. கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

"ஐப்பசியிலை எழுதினவர். பிறகு அனுப்பேல்லை. இதை அனுப்பினால் பொய் அட்ரஸ் போட்டதெண்டு மதி பிள்ளைக்கு வேலையிலை கரைச்சல் வரும், எங்களுக்கு உதவி செய்த பிள்ளை எண்டு மடிச்சு வைச்சிட்டார்." தாளை என் கையில் தந்தார். "எனக்கு உங்களிலை கோவமில்லை எண்டு சொல்லமாட்டன். கோவம்தான். ஆனால் அவர் உங்களைக் காட்டிக்குடுக்கேல்லை. நான் என்னெண்டு குடுக்கிறது?"

அதற்குப் பிறகு நான்கு வருடம் வேலை செய்தேன். புதிதாக ஒருவர் வந்தால் முகவரி என்ன என்று கேட்பதை விட்டுவிட்டேன். எந்த வீட்டில், எந்த மாடியில், எந்தக் கதவுக்குப் பின்னால் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். சங்கடப்பட்டார்கள், கோபப்பட்டார்கள், சிலர் எழும்பிப் போனார்கள். கதவு தெரியும்வரை ஓர் எழுத்தும் எழுதவில்லை. நீங்களும் அப்படியே கேளுங்கள். உங்களை நல்ல பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லாவிட்டால் பரவாயில்லை. நான் நல்ல பிள்ளையாக இருந்ததால்தான் ஒரு மனிதர் அந்தத் தாளை அனுப்பாமல் மடித்து வைத்தார்.